ஒரு மார்க்கும், ஊர் தாண்டிய நட்சத்திரங்களும்

போன வாரம் பையன் அறிவியல் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். ஏழாம் வகுப்பு. இருபதுக்குப் பத்தொன்பது. நல்ல மார்க்தானே என்று கையெழுத்துப் போடப் போனால், "இருங்கப்பா, ஒரு மார்க் அநியாயமா போச்சு" என்றான்.

சரியா தவறா என்று எழுதும் பகுதி. "எல்லா நட்சத்திரங்களும் ஏதாவது ஒரு கேலக்ஸிக்குள் இருக்கின்றன" என்பது கேள்வி. இவன் "தவறு" என்று எழுதியிருக்கிறான். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. மிஸ்ஸிடம் கேட்டதற்கு, புத்தகத்தில் இருப்பதை எழுது என்று ஹிந்தியில் பதில் வந்ததாம்.

"நீ எதை வச்சுடா தவறுன்னு எழுதினே?"

"யூட்யூப்ல பாத்தேன்ப்பா. அனாதை நட்சத்திரம்னு கோடிக்கணக்கா இருக்காம். எந்த கேலக்ஸியிலயும் சேராம சும்மா சுத்திட்டு இருக்குமாம்."

"ஒரு மார்க்குக்காக ஸ்கூலுக்குப் போய் நிக்காதீங்க" என்று தங்கமணி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். நான் போவதாக இல்லை. ஆனால் இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் இரண்டு தப்பு இருக்கிறது. புத்தகம் "எல்லா" என்று சொன்னது ஒன்று. என் பையன் "அனாதை", "சும்மா" என்று சொன்னது இன்னொன்று. இரண்டாவது தப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கேலக்ஸிக்குள் இருக்கும் நட்சத்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். நம் சூரியன் ஒரு இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கவில்லை. பால்வீதியின் மையத்தைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்று முடிக்க சுமார் 23 கோடி ஆண்டுகள். அவ்வளவு வேகத்தில் போனாலும் அது வெளியே போய்விடாது. மொத்த பால்வீதியின் ஈர்ப்பும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. நாம் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியை விட்டு ஒரேயடியாக வெளியேற வேண்டுமென்றால் நொடிக்கு 550 கி.மீ. அளவுக்கு வேகம் வேண்டும். பூமியிலிருந்து ராக்கெட் தப்பிக்க 11.2 கி.மீ. போதும் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வெளியே போனவை எப்படிப் போயின? எனக்குத் தெரிந்து முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, தூக்கி எறியப்படுவது. இன்னொன்று, வீடே உடைந்துபோவது.

தூக்கி எறியப்படுகிற கதையை 1988-லேயே ஜாக் ஹில்ஸ் என்ற இயற்பியலாளர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். பால்வீதியின் நடுவில் நாற்பது லட்சம் சூரியன்களின் எடையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. ஜோடியாக ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நட்சத்திரங்கள் அதற்கு மிகப் பக்கத்தில் போனால் ஜோடி பிரிந்துவிடும். ஒன்று கருந்துளையிடம் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது இழந்த ஆற்றல் முழுக்க மற்றதற்குப் போய்ச் சேரும். அது நொடிக்கு ஆயிரம் கி.மீ. அளவு வேகத்தில் வீசப்படும். கவண்கல் கணக்குதான்.

இவர் சொல்லிப் பதினேழு வருஷம் கழித்து, 2005-ல் வாரன் பிரவுன் குழுவினர் அப்படி ஒன்றை நிஜமாகவே கண்டுபிடித்தார்கள். நொடிக்கு 700 கி.மீ. வேகத்தில் பால்வீதியை விட்டுப் போய்க்கொண்டிருந்தது அந்த நட்சத்திரம். அதற்கப்புறம் 2019-ல் வந்ததுதான் மிரட்டல். எஸ்5-எச்விஎஸ்1 என்று பெயர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு தொலைநோக்கியில் சிக்கியது. வேகம் நொடிக்கு சுமார் 1,750 கி.மீ.

டெல்லித் தமிழர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சென்னைக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புளியோதரையைக் கட்டிக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து வருகிறோமே, அதை அந்த நட்சத்திரம் ஒரு நொடியில் முடித்துவிடும் :-)

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அது வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோடு நேராகப் பால்வீதியின் நடு மையத்தில் போய் நின்றது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியிருக்கிறது. இன்றைக்கு நம்மிடமிருந்து 29,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எந்த ஊர், எப்போது கிளம்பியது என்ற விவரம் முழுக்க அதன் ஓட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

கருந்துளைதான் எறிய வேண்டும் என்றும் இல்லை. யுஎஸ் 708 என்றொரு நட்சத்திரம் நொடிக்கு 1,200 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதன் ஜோடி சூப்பர்நோவாவாக வெடித்ததில்தான் இது கழன்று ஓடியிருக்க வேண்டும் என்று 2015-ல் ஒரு குழு சொன்னது. 2025-ல் இன்னொரு சுவாரசியம். இப்படி அதிவேகத்தில் ஓடும் 21 நட்சத்திரங்களின் வழியைப் பின்னோக்கிப் பார்த்ததில், ஏறக்குறைய பாதி நம் பால்வீதி மையத்திலிருந்து வந்தவையே அல்லவாம். பக்கத்து வீடான பெரிய மெகல்லன் மேகம் என்ற குட்டி கேலக்ஸியிலிருந்து வந்தவையாம். அங்கேயும் ஒரு பெரிய கருந்துளை ஒளிந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த நட்சத்திரங்கள்தான் சாட்சி.

ஆனால் இப்படி எறியப்பட்டவை கைவிரல் விட்டு எண்ணுகிற கூட்டம்தான். இதுவரை கையில் சிக்கியவை சில டஜன்கள். வெளியே இருக்கும் பெரும் கூட்டம் இரண்டாவது வழியில் போனது.

இங்கே நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1930-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போய், பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயரில் இருக்கும் எல்லையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1943-ல் அவர் எழுதிய இன்னொரு விஷயம் அவ்வளவு பேசப்படுவதில்லை. நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே கனமான ஒரு பொருள் ஓடும்போது, யாரும் மோதாமலேயே அதற்கு ஒரு உராய்வு ஏற்படுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

கல்யாண மண்டபத்தில் கட்சித் தலைவர் ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நடக்க நடக்க பின்னால் கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டமே அவரை நகரவிடாமல் இழுக்கும். அதே மாதிரி ஒரு குட்டி கேலக்ஸி பெரிய கேலக்ஸிக்குள் ஓடும்போது அதன் ஈர்ப்பில் பின்னால் நட்சத்திரங்கள் குவியும். அந்தக் குவியல் அதைப் பின்னுக்கு இழுக்கும். வேகம் குறையும். குறையக் குறைய, பெரியதன் மையத்தை நோக்கிச் சரியும். சரியச் சரிய அதன் ஒரு பக்கத்தில் இழுவை அதிகமாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கும். கடைசியில் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் பிய்ந்து வர ஆரம்பிக்கும். மூட்டையில் ஓட்டை விழுந்த லாரி வழியெல்லாம் அரிசி சிந்திக்கொண்டே போவது போல.

இது நம் வீட்டிலேயே நடக்கிறது. 1994-ல் கண்டுபிடிக்கப்பட்ட சஜிட்டேரியஸ் குட்டி கேலக்ஸி இப்படித்தான் பால்வீதியைச் சுற்றி அரிசி சிந்திக்கொண்டிருக்கிறது. சிந்தியது வானம் முழுக்க ஒரு நீண்ட ஓடை மாதிரி வளைந்து கிடக்கிறது.

ஆயிரம் கேலக்ஸிகள் ஒன்றாக இருக்கும் கொத்துகளில் இதே சமாசாரம் பெரிய அளவில் நடக்கிறது. இரண்டு கேலக்ஸி உரசிப் போகும். நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதாது. அவற்றுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. ஆனால் ஈர்ப்பில் இழுபட்டு இரண்டின் ஓரத்து ஆட்களும் வெளியே சிதறுவார்கள். கோமா என்ற கொத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே மங்கலான வெளிச்சம் இருப்பதை ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1951-லேயே சொன்னார். 1997-ல் ஹப்பிள் தொலைநோக்கியைக் கன்னிக் கொத்தில் ஒரு வெறும் இடத்தை நோக்கித் திருப்பியபோது, எந்த கேலக்ஸியிலும் இல்லாத சுமார் 600 வயசான சிவப்பு நட்சத்திரங்கள் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தன. 2014-ல் ஏபெல் 2744 என்ற கொத்தில் இப்படி வெளியே இருப்பவை சுமார் 20,000 கோடி என்று கணக்கிட்டார்கள். ஆறு கேலக்ஸிகள் வரை அங்கே கிழிந்துபோயிருக்கலாமாம். 2024-ல் ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி, 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பெர்சியஸ் கொத்தில் ஒன்றரை லட்சம் கோடி என்றது.

ஒன்றரை லட்சம் கோடி. இதற்கு மேலும் "எல்லா நட்சத்திரங்களும் கேலக்ஸிக்குள்" என்பதை எப்படி ஐயா சரி என்று டிக் அடிப்பது?

ஆக, பையனுக்கு ஒரு மார்க் வர வேண்டியதுதான். இப்போது அவன் செய்த தப்புக்கு வருவோம்.

பெர்சியஸ் செய்தி வந்தபோது தலைப்புகளில் போட்ட சொல்தான் அந்த "அனாதை". வேறு சில செய்திகளில் "நாடோடி", "ஓடுகாலி", "வீடில்லாதவை". எதற்கு இந்தப் பரிதாபம்? அவை எப்படி ஓடுகின்றன என்று பார்த்தால் இந்தச் சொற்கள் ஒன்றுகூடப் பொருந்தாது.

கொத்துக்குள் சிதறிய நட்சத்திரம் எங்கேயும் தொலைந்துபோவதில்லை. அது ஒரு கேலக்ஸியின் பிடியிலிருந்து விடுபட்டு, மொத்தக் கொத்தின் பிடிக்குள் வருகிறது. அவ்வளவுதான். பெரிய கொத்துகளில் நொடிக்கு ஆயிரம் கி.மீ. அளவுக்குக்கூட அவை ஓடுகின்றன. அவ்வளவு வேகத்திலும் கொத்தைவிட்டு வெளியேற முடியாது. சுற்றிச் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கும். பெர்சியஸில் அந்த மங்கல் வெளிச்சத்தின் நடுப்புள்ளி எந்த ஒரு கேலக்ஸியின் மேலும் இல்லை. இருப்பதிலேயே பெரிய இரண்டு கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது. அதாவது இவை அந்த வீட்டையும் சுற்றவில்லை, இந்த வீட்டையும் சுற்றவில்லை. ஊரையே சுற்றுகின்றன.

ஊர் என்று எதைச் சொல்கிறேன்? கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்தான் கொத்தின் எடையில் பெரும்பங்கு. கேலக்ஸிகள் அதில் மிதக்கும் தீவுகள் மாதிரி. இந்தக் கரும்பொருள் எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரிய தலைவலி. மிரேயா மோன்டெஸ், இக்னாசியோ ட்ருகியோ என்ற இருவர் 2018-ல் ஹப்பிள் படங்களை வைத்து ஒரு விஷயம் காட்டினார்கள். வெளியே சிதறிய நட்சத்திரங்களின் வெளிச்சம் எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதே வடிவத்தில்தான் கரும்பொருளும் இருக்கிறது. ஏனென்றால் இந்த நட்சத்திரங்கள் எந்த வீட்டுக்கும் கட்டுப்படாமல் கொத்தின் மொத்த ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு ஓடுகின்றன. "வீடில்லாதவை" என்று நாம் உச்சுக்கொட்டிய ஆட்கள்தான் ஊரின் வரைபடத்தையே போட்டுக் கொடுக்கிறார்கள்.

அப்புறம், இது இப்போது வந்த புதுப் பழக்கமும் இல்லை. 2023-ல் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், ஏறக்குறைய ஆயிரம் கோடி ஆண்டு முந்தைய கொத்துகளைப் பார்த்தார்கள். அங்கேயும் வெளியே இருக்கும் நட்சத்திரங்களின் பங்கு இன்றைக்கு இருப்பதைப் போலவே இருந்தது. கொத்து உருவான காலத்திலிருந்தே வெளியே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டோடு இருந்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போயிற்று என்ற புலம்பல் வானத்திலும் செல்லாது.

இன்னொன்று. கேலக்ஸி கிழியும்போது வெளியே வரும் நட்சத்திரம் தன் கோள்களை விட்டுவிட்டு வருவதில்லை. கேலக்ஸியின் இழுவை நட்சத்திரத்தையும் கோளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இழுக்கும். ஒரு நட்சத்திரக் குடும்பத்தின் அளவு அதன் முன் தூசு. ஆகவே குடும்பம் கலையாமல் சேர்ந்தே போகும். அங்கே ஒரு கோளில் யாராவது இருந்தால் அவர்களுடைய பகல் நம் பகல் மாதிரியேதான் இருக்கும். ராத்திரி மட்டும்தான் வித்தியாசம். நட்சத்திரமே தெரியாத கறுப்பு வானம், அங்கங்கே மங்கலாகச் சில கேலக்ஸித் தீற்றல்கள். நவம்பர் மாசத்து டெல்லி வானம் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

எறியப்பட்ட ரகம் வேறு. அது நிஜமாகவே திரும்பி வராது. பால்வீதி பின்னாலிருந்து இழுக்க இழுக்க அதன் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பூஜ்யமாகாது. இழுவை தேய்ந்துபோன பிறகு ஏறக்குறைய நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். எஸ்5-எச்விஎஸ்1 நட்சத்திரத்தின் வேகத்தில், ஆண்ட்ரோமீடா கேலக்ஸி இருக்கும் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தைக் கடக்க 40 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் அதுகூட "சும்மா" போகவில்லை. போகிற திசை, வேகம் இரண்டையும் வைத்து எங்கே கிளம்பியது என்று சொல்லிவிடலாம்.

ஓட்டம் கலைந்துபோன பழைய நட்சத்திரங்களுக்கு வேறு அடையாளம் உண்டு. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இரும்பு, மெக்னீசியம் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். குட்டி கேலக்ஸியில் பிறந்ததற்கு ஒரு மாதிரி, பெரிய கேலக்ஸியில் பிறந்ததற்கு வேறு மாதிரி. எத்தனை கோடி ஆண்டு ஆனாலும், எங்கே போய் இருந்தாலும் அது மாறுவதில்லை. 2013-ல் ஏவப்பட்டு 2025 வரை வேலை செய்த கையா விண்கலம் ஏறக்குறைய 200 கோடி நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்துவைத்தது, பெரும்பாலானவற்றின் நகர்வையும் சேர்த்து. அந்தக் கணக்கை வைத்துத்தான் பால்வீதிக்குள்ளேயே யார் வந்தேறி, யார் மண்ணின் மைந்தன் என்று பிரிக்கிறார்கள். வந்தேறிகள் எக்கச்சக்கம் என்பது வேறு விஷயம்.

இதைப் படிக்கும்போது ஸ்கூல் அட்மிஷன் ஃபாரத்தில் வரும் "நேட்டிவ் பிளேஸ்" கட்டம் நினைவுக்கு வந்தது. பையன் பிறந்தது டெல்லி. நான் விருதுநகர் என்று எழுதினேன். அவன் அந்த ஊரில் மொத்தமாக இருந்தது மூன்று மாசம் இருக்குமா? போன கோடையில் அங்கே போனபோது "டெல்லிக்காரப் பய வந்துட்டான்" என்றார்கள். இங்கே பூங்காவில் அவன் "மதராசி". அவனே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து "அனாதை, சும்மா சுத்துது" என்கிறபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. மார்க் போனதில் அவ்வளவு வருத்தமில்லை.

உட்காரவைத்துச் சொன்னேன். "எந்த வீட்டிலயும் இல்லேன்னா யாருமில்லேன்னு அர்த்தம் இல்லடா. அது எங்கே பிறந்துச்சுன்னு சொல்ல முடியும். எது பிடிச்சு இழுக்குதுன்னும் சொல்ல முடியும். ரெண்டும் தெரிஞ்சா அது எப்படி அனாதை?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அதுக்கு என்ன பேருப்பா?"

ஙே என்று முழித்தேன். ஆங்கிலத்தில் விஞ்ஞானிகள் சொல்வதைத் தமிழில் சொன்னால் "கொத்திடை நட்சத்திரம்" என்று வரும். வாயில் நுழையவில்லை. "வெளியூர் நட்சத்திரம்" என்றான் அவனே. இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்த மிஸ் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில், யூட்யூப் பார்த்துவிட்டு வந்து ஒருத்தன் கேள்வி கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஏழாம் வகுப்புக்கு எளிமைப்படுத்தித்தான் சொல்ல வேண்டும் என்பதும் நியாயம். கருந்துளை, சந்திரசேகர் எல்லாம் கொண்டுவந்து கொட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எளிமை வேறு, தப்பு வேறு. பாடத்தில் "பெரும்பாலான நட்சத்திரங்கள்" என்று போடுவதற்கு ஒரே ஒரு சொல்தான் செலவு. அந்தச் சொல் இருந்தால், மீதி எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். "எல்லா" என்று போட்டுவிட்டு அதற்குச் சரியா தவறா கேள்வி வேறு வைத்தால், சரியாக யோசித்தவனுக்கு மார்க் போகும். அடுத்த முறை அவன் யோசித்ததை எழுத மாட்டான். புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவான். அதுதான் எனக்குப் பயம்.

வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மார்க் கேட்கப் போவதில்லை என்று தங்கமணியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பெர்சியஸ் கொத்தின் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துவைத்திருக்கிறேன். மிஸ்ஸிடம் அதைக் கொடுத்து, வகுப்பில் ஒட்ட முடியுமா என்று மட்டும் கேட்கப் போகிறேன். கேள்வியைப் பையனே கேட்கட்டும்.

பி.கு.: உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் இந்த வரி எப்படி இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "பெரும்பாலான" என்று இருந்தால் எழுதியவருக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.